கடையில் கிடைக்காத தூரிகை

படம் வரையும் ஆசை கொண்ட பிள்ளைக்கு ஒரு டிராயிங் நோட்டு, ஒரு வாட்டர் கலர் பெட்டி, இரண்டு பிரஷ்கள் வாங்கித் தந்தால் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அதே ஆசையோடு நிற்கும் பிள்ளையின் பட்டியல் வேறு. திரையோடு கூடிய டேப்லெட், அதற்கேற்ற ஸ்டைலஸ் பேனா, சந்தா கட்டிப் பயன்படுத்தும் சாஃப்ட்வேர், அதற்கும் மேலே தனித்தனியாக விலைக்கு வரும் பிரஷ் தொகுப்புகள், வண்ணத் தொகுப்புகள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல. அனிமேஷன், வீடியோ விளையாட்டு, விளம்பரம் ஆகிய தொழில்களை நடத்தும் நிறுவனங்கள் பல திரண்டுள்ள நகரம் இது. இத்தொழில்களுக்கென்று தனிக் கொள்கை ஒன்றைக் கர்நாடக அரசு 2012-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. 2024-இல் புதிய ஐந்தாண்டுக் கொள்கையையும் அறிவித்தது. மத்திய அரசும் தன் 2022 பட்ஜெட்டில் இத்துறையை வளர்ப்பதற்கு ஒரு பணிக்குழுவை அறிவித்தது. ஆகவே, கம்ப்யூட்டரில் ஓவியம் தீட்டக் கற்றால் பிள்ளைக்கு ஒரு பிழைப்பு உண்டு என்று பெற்றோர் நம்புவதில் தவறில்லை. அந்த நம்பிக்கையின் பேரில் நகையை அடகு வைத்தும், தவணையில் கடன் வாங்கியும் சாதனங்களை வாங்கித் தருகிறார்கள்.

ஆனால், ஓராண்டு கழிந்த பின்னரும் பிள்ளையின் படம் தேறவில்லை என்றால், இன்னும் நல்ல பேனா வேண்டும், இன்னும் சில பிரஷ்கள் வேண்டும் என்ற கோரிக்கைதான் முதலில் எழுகிறது. குறை சாதனத்தில் இல்லை என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. வகுப்பிலும் பல இடங்களில் ஆளில்லை. அதைச் சொல்லக்கூடியவர்களோ இதே நகரத்தின் சந்துகளில் தகுந்த வேலையின்றி முதுமையடைந்து வருகிறார்கள்.

பேனா செய்யும் வேலை

திரையின்மீது பேனாவால் வரைவது நேற்றுத் தோன்றியதன்று. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஐவன் சதர்லாந்து என்பவர் ஒளிப்பேனா ஒன்றைக் கொண்டு கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் வரைந்து காட்டினார். 1973-இல் ரிச்சர்ட் ஷூப் என்பவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில், வண்ணம் தீட்டுவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேரை உருவாக்கினார். ஜப்பானில் 1983-இல் தொடங்கப்பட்ட வாகம் நிறுவனம், கம்பியும் பேட்டரியும் இல்லாத பேனாவைக் கொண்டு வந்தது. இன்று ஓவியர்கள் பயன்படுத்தும் பேனாக்களில் பல அந்த வழியில் வந்தவையே.

இந்தப் பேனா இயங்கும் முறை எளியது. டேப்லெட்டின் பரப்புக்குக் கீழே மெல்லிய கம்பிகள் வலைபோல் பரவியிருக்கின்றன. அவை எழுப்பும் மின்காந்த அலையைப் பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புகிறது. பேனா எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதையெல்லாம் டேப்லெட் அதிலிருந்து தெரிந்துகொள்கிறது. பேனா எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் பல சாதனங்கள் அறிகின்றன. அழுத்தத்தில் 8,192 படிகளைப் பிரித்தறியும் பேனாக்கள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன.

கடைக்காரர் பெருமையுடன் சொல்லும் எண் இதுதான். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருப்பது உண்மை. ஆனால், அவற்றில் எத்தனையைக் கை பயன்படுத்துகிறது என்பதே கேள்வி. பழகாத கைக்குத் தெரிந்த அழுத்தம் இரண்டோ மூன்றோதான். மெதுவாகத் தொடுகிறது, அல்லது அழுத்திக் கீறுகிறது. கண்ணிமையின் ஓரத்தில் மெல்லியதாய்த் தொடங்கி, நடுவில் தடித்து, முனையில் மறையும் ஒரே ஒரு கோட்டை வரையச் சொன்னால், விலை உயர்ந்த பேனாவைப் பிடித்திருக்கும் மாணவரும் திணறுகிறார். நடுங்கும் கோட்டை நேராக்கித் தரும் வசதி சாஃப்ட்வேரிலேயே இருக்கிறது. அதை முழுவதுமாகத் திருப்பி வைத்துக்கொண்டு வரைந்தால் கோடு வழுவழுப்பாக வரும். உயிர் இருக்காது.

ஆயிரம் பிரஷ்கள்

பிரஷ் விஷயத்தில் மயக்கம் இன்னும் அதிகம். கம்ப்யூட்டரில் பிரஷ் என்பது அடிப்படையில் ஒரு முத்திரை. ரப்பர் ஸ்டாம்பை மிக நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று படுமாறு குத்திக்கொண்டே போனால் ஒரு பட்டை உண்டாகும் அல்லவா? அதைத்தான் சாஃப்ட்வேர் அதிவேகத்தில் செய்கிறது. முத்திரையின் வடிவம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, அதன்மேல் தூவப்படும் காகிதச் சொரசொரப்பு, அழுத்தத்துக்கு ஏற்பத் தடிமன் மாறுவதா, நிறத்தின் அடர்த்தி மாறுவதா என்ற ஏற்பாடு: இந்த நான்கைந்து அமைப்புகளை மாற்றி மாற்றி வைத்தால் கரித்துண்டு, சாக்பீஸ், வாட்டர் கலர், எண்ணெய் வண்ணம் என்று ஆயிரம் பிரஷ்கள் பிறந்துவிடும்.

அவ்வாறு பிறந்தவற்றைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைப்பது மாணவரிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. மேகத்துக்கு ஒரு பிரஷ், இலைக்கு ஒரு பிரஷ், தலைமுடிக்கு ஒரு பிரஷ். இலை பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால் மரம் வந்துவிடுகிறது. ஆனால், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, கிளை எங்கே மறைகிறது, தொலைவில் உள்ள இலைக்கொத்து ஏன் சாம்பல் பூக்கிறது என்பதெல்லாம் அந்த பிரஷ்ஷுக்குத் தெரியாது. வரைபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவருக்கு ஒரு உருண்டை பிரஷ்ஷும் ஒரு பட்டை பிரஷ்ஷும் போதும்.

இந்த வகையில் ஏழை மாணவருக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. கிரிதா என்ற ஓவிய சாஃப்ட்வேர் முற்றிலும் இலவசமானது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடி வளர்த்து வருவது. நூற்றுக்கு மேற்பட்ட பிரஷ்கள் அதனுடனேயே வருகின்றன. பிரான்ஸ் நாட்டு ஓவியர் டேவிட் ரெவாய் 2014 முதல் வரைந்து வெளியிடும் சித்திரக்கதை முழுவதும் இத்தகைய இலவச சாஃப்ட்வேர்களைக் கொண்டே உருவானது. திரையில்லாத சாதாரணப் பேனா டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அதைக்கொண்டு தொடங்கிவிடலாம். ஆரம்பத்திலேயே பல பத்தாயிரங்களைக் கொட்ட வேண்டிய அவசியம் எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.

கம்ப்யூட்டர் பிரஷ்ஷைக் குறைத்துப் பேசுவதும் நியாயமாகாது. கீரியின் மயிரால் செய்த தூரிகைக்கு ஓவியர்களிடையே நெடுங்காலம் மதிப்பிருந்தது. அதற்காகக் கீரிகள் கொல்லப்பட்டன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்த வாணிபம் தடை செய்யப்பட்ட பிறகும் கள்ளத்தனமாக நடந்து வருவது அவ்வப்போது நடக்கும் சோதனைகளில் வெளிப்படுகிறது. எந்தப் பிராணியையும் வதைக்காமல் பிறக்கும் தூரிகை வரவேற்கத்தக்கதே.

நீலமும் மஞ்சளும்

மூன்றாவது, வண்ணம். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளையும் ஒவ்வொன்றிலும் 256 படிகளாகக் கலந்து 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்களைக் காட்டலாம். அஜந்தாக் குகைகளில் தீட்டியவர்களிடம் காவி மண்ணும், சுண்ணாம்பும், புகைக்கரியும், இன்னும் சில கற்பொடிகளும்தான் இருந்தன. இருந்தும் அங்கே நிறங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. இங்கே கோடிக்கணக்கான நிறங்களிலிருந்து மாணவர் எடுப்பது பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் பத்து நிறங்களை.

இன்னொரு நுட்பமும் உண்டு. நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை வரும் என்பது வாட்டர் கலர் பெட்டியைத் தொட்ட குழந்தைக்கும் தெரியும். ஆனால், பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் வருவது சாம்பல் நிறம். சாயப்பொடி ஒளியை எவ்வாறு உறிஞ்சுகிறது, எவ்வாறு சிதறடிக்கிறது என்ற கணக்கைப் போடாமல், இரண்டு எண்களின் சராசரியை மட்டும் அவை எடுப்பதே காரணம். சாயப்பொடிக்கான கணக்கை குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931-லேயே எழுதிவிட்டனர். அதைத் திரைக்குக் கொண்டுவரும் எளிய வழியை செக் நாட்டு ஆய்வாளர் இருவர் 2021-இல்தான் வெளியிட்டனர். ஓரிரு சாஃப்ட்வேர்களில் அது இன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. மற்றவற்றில் பச்சையைத் தனியே தேடித்தான் எடுக்க வேண்டும்.

அச்சுக்குப் போகும்போது வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகம் நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது. திரையில் மின்னிய பச்சையும் ஊதாவும் காகிதத்தில் மங்கிப் போகின்றன. வண்ணத்தைக் கையால் குழைத்துப் பழகியவர் இதை முன்கூட்டியே ஊகிப்பார். வண்ணத்தைப் பட்டியலில் சுட்டி எடுத்து மட்டுமே பழகியவர் அச்சகத்தில் நின்று விழிப்பார்.

பேனர் ஓவியர் அறிந்தது

இந்த மூன்றையும், அதாவது கையின் அழுத்தம், குறைந்த தூரிகையில் நிறைந்த வேலை, நிறங்களின் நடத்தை ஆகியவற்றைப் புத்தகம் படிக்காமலே கரைத்துக் குடித்தவர்கள் சினிமா பேனர் ஓவியர்களும் போர்டு எழுதுபவர்களும். பெங்களூரில் மெஜஸ்டிக் பகுதியின் தியேட்டர்களுக்கு முன்னால் எழுந்து நின்ற பேனர்களையும் கட்அவுட்களையும் தீட்டியவர்களில் கன்னடர், தமிழர், தெலுங்கர், உருது பேசுவோர் என எல்லோரும் கலந்திருந்தனர். பம்பாயில் சினிமா பேனர் எழுதிப் பிழைத்த இளைஞர் ஒருவரே பின்னர் எம்.எஃப். உசேன் என்று உலகறிந்த ஓவியரானார் என்பதை நினைத்தால், அந்தத் தொழில் எத்தகைய பள்ளிக்கூடம் என்பது விளங்கும்.

அவர்களுடைய வேலைமுறை கவனிக்கத்தக்கது. கையில் இருப்பது படக்கம்பெனி அனுப்பிய சிறிய ஸ்டில் போட்டோ. அதன்மேல் கட்டம் போடுவார்கள். துணியில் அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டு உருவத்தை ஏற்றுவார்கள். முகத்தின் நிழலுக்குக் கறுப்பைக் குழைத்துப் பூசாமல், நீலத்தையும் பச்சையையும் கருஞ்சிவப்பையும் அருகருகே வைப்பார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் அது வெறும் வண்ணத் திட்டு. சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் கண்ணீர் ததும்பும் கதாநாயகி. துணியிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்று வரையும்போதே, நூறடிக்கு அப்பால் அது எவ்வாறு தெரியும் என்பது அவர்கள் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்றைய மாணவர் செய்வது இதற்கு நேர்மாறு. திரையில் ஒரு கண்ணை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு, இமை மயிர் ஒவ்வொன்றையும் மணிக்கணக்கில் தீட்டுகிறார். பிறகு முழு முகத்தையும் பார்க்கும்போது அந்தக் கண் காதுப் பக்கம் நகர்ந்திருப்பது தெரிய வருகிறது. தவறினால் ஒரு பொத்தானை அமுக்கி முந்தைய நிலைக்குத் திரும்பலாம் என்ற வசதி, யோசிக்காமல் கோடு போடும் பழக்கத்தையும் கூடவே கொடுத்துவிட்டது. டப்பா டப்பாவாக வண்ணம் செலவாகும் இருபதடித் துணியின்முன் நின்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் கை வைக்குமுன் கண் வேலை செய்தது.

2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் பிளெக்ஸ் அச்சு வந்தது. ஒரு வாரம் உழைத்துத் தீட்டியதை எந்திரம் சில மணி நேரத்தில் துப்பிவிட்டது. பேனர் ஓவியர்களின் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சிலர் பிளெக்ஸ் கடைகளிலேயே கம்பம் கட்டும் வேலைக்குப் போயினர். சிலர் ஆட்டோ ஓட்டினர். சிலர் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தனர். 2009 வாக்கில் பெங்களூர் மாநகராட்சி நகரச் சுவர்களில் படம் எழுத முற்பட்டபோது, பேனர் ஓவியர்கள் பலருக்கு வேலை கிடைத்தது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. 2018-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் கண்டிப்பான உத்தரவுக்குப் பிறகு நகரெங்கும் பிளெக்ஸ்கள் அகற்றப்பட்டன. ஆயினும், பறிபோன வேலை திரும்பவில்லை.

அன்று நாற்பது வயதில் இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். பலருடைய பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போய்விட்டனர். எழுதி வைக்கப்படாத அறிவு அது. இன்னும் பத்தாண்டு கழித்துத் தேடினால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

ஆட்சேபங்களும் விடைகளும்

இவர்களை ஓவிய வகுப்புகளுக்கும் அனிமேஷன் பயிற்சிக்கூடங்களுக்கும் ஆசிரியர்களாக அழைக்க வேண்டும் என்றால் சில ஆட்சேபங்கள் எழும்.

முதலாவது, பட்டம் இல்லை என்பது. இந்த ஆட்சேபம் இனிச் செல்லாது. தொழிலில் தேர்ந்தவர்களை வழக்கமான பட்டத் தகுதி இன்றியே பேராசிரியர்களாக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிகாட்டியது. கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்லூரியிலேயே இருந்து கற்பிக்கச் செய்வதற்கென்று 2023-இல் தனி நெறிமுறைகளையும் வெளியிட்டது. கதவு திறந்திருக்கிறது. அழைப்பார்தான் இல்லை.

இரண்டாவது, வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் வராது என்பது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 1980-களிலேயே கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டிப் பார்த்தவர். எழுபது வயதுக்கு மேல் ஐபேடைக் கையில் எடுத்தார். 2020-இல், எண்பதைக் கடந்த வயதில், பிரான்சின் நார்மண்டி கிராமப்புறத்து வசந்தத்தை அதிலேயே வரைந்தார். அவற்றுள் 116 படங்கள் மறு ஆண்டு லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. சாஃப்ட்வேரில் இருந்த பிரஷ்கள் அவருக்குப் போதவில்லை. தம் தேவைக்கேற்ப அவற்றை மாற்றி அமைத்துத் தரச் செய்தார். வண்ணம் தெரிந்த கை தனக்கு வேண்டிய தூரிகையைக் கேட்டு வாங்கும் என்பதற்கு இது சான்று. பேனர் ஓவியர்கள் எல்லோரும் ஹாக்னி ஆகிவிடுவார்கள் என்பதல்ல. அவர்கள் கம்ப்யூட்டரை இயக்கவே வேண்டியதில்லை. மாணவரின் திரைக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, "மூக்கின் நிழல் தவறு" என்று சொன்னால் போதும். பொத்தானை அமுக்க மாணவருக்குத் தெரியும்.

மூன்றாவது ஆட்சேபம் சற்று வலுவானது. 2022-க்குப் பிறகு, வாயால் சொன்னதைப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு எந்திரங்கள் பரவிவிட்டன. இனிக் கையால் வரையக் கற்பதே வீண் அல்லவா என்று கேட்கிறார்கள். சாதாரண வேலைகள் பல அந்த எந்திரத்திடம் போய்விடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அப்படிப் போவது முதலில் யாருடைய வேலை? வாங்கிய பிரஷ்ஷால் இலையை இழுத்து மரம் செய்பவருடைய வேலைதான். எந்திரம் தந்த படத்தில் எது பொய், எதை மாற்றினால் உயிர் வரும் என்று காணக்கூடிய கண் உள்ளவருக்கு நிலைக்க ஓரளவு இடம் இருக்கும். ஆகவே, இந்த ஆட்சேபம் கைப்பயிற்சிக்கு எதிரானதன்று. சாதன மோகத்துக்கு எதிரானது.

செய்யத் தக்கது

வேண்டுவது பெரிய திட்டமல்ல. நுண்கலைக் கல்லூரிகளும் அனிமேஷன் பயிற்சிக்கூடங்களும் வாரத்தில் ஒரு நாள் இந்த மூத்த ஓவியர்களை முறையான ஊதியத்துடன் அழைக்கலாம். மாலை போட்டுப் பாராட்டி அனுப்பிவிடுவது போதாது. பயிற்சி என்பது மாணவர் துணியில் ஒரு முகத்தை முதலில் பெரிதாகத் தீட்டிவிட்டு, பின்னர் அதே முகத்தைத் திரையில் தீட்டுவதாக இருக்கலாம். பிரஷ் இரண்டு, வண்ணம் ஐந்து என்று வரம்பு கட்டலாம். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மாணவருக்குத் தானே விளங்கிவிடும்.

அல்சூர் ஏரிக்கரையருகே இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளும் இதில் முன்கை எடுக்கலாம். ஒரு கூடம், நான்கைந்து பழைய கம்ப்யூட்டர்கள், எளிய பேனா டேப்லெட்கள், இலவச சாஃப்ட்வேர், வாரம் ஒருமுறை வந்து அமரும் ஒரு பேனர் ஓவியர். இவ்வளவு இருந்தால் கடன் வாங்காமலே பல பிள்ளைகள் தொடங்கிவிடலாம். மொழி ஒரு தடையாகாது. பேனர்க் கூடங்களில் நான்கு மொழிகள் கலந்து ஒலித்தபோதும் வேலை நின்றதில்லை.

பெற்றோர் செய்யத் தக்கதும் ஒன்று உண்டு. விலை உயர்ந்த டேப்லெட்டைக் கேட்கும் பிள்ளையிடம், முதலில் பென்சிலால் வரைந்த நூறு தாள்களைக் காட்டும்படி சொல்லலாம். நூறு தாளை நிரப்பிய பிள்ளைக்கு எந்தச் சாதனத்தை வாங்கித் தந்தாலும் பணம் வீணாகாது. நிரப்பாத பிள்ளைக்கு எதை வாங்கித் தந்தாலும் அது மேஜை இழுப்பறைக்குத்தான் போகும்.

பேனர் ஓவியரின் சோற்றைப் பறித்தது கம்ப்யூட்டர் என்பது உண்மை. அதே கம்ப்யூட்டரின்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்று அவருடைய கையும் கண்ணும் தேவைப்படுகின்றன. அவருக்கு ஊதியம் வேண்டும், பிள்ளைகளுக்கு வித்தை வேண்டும். இரு தரப்பும் ஒரே நகரத்தில், பல இடங்களில் ஒரே தெருவிலேயே இருக்கின்றன. அவர்களை ஓர் அறையில் கூட்டி வைக்கும் பொறுப்பு கல்லூரிகளையும் சங்கங்களையும் சார்ந்தது. அந்த மூத்தவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.